எருக்கின் ஏற்றம்

"வீட்டில் எருக்கு முளைக்க" என்று வைவது நம் நாட்டு வழக்கு. ஆளற்ற மனையில் தானே முளைப்பதால் எருக்கு பாழின் அடையாளமாயிற்று. தாயகத்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கடல் கடந்து வாழும் நமக்கு இச்சொல் சற்று ஆழமாகவே தைக்கும். சென்ற விடுப்பில் எம் ஊருக்குச் சென்றபோது முற்றத்தில் ஆளுயரம் எருக்கு நின்றது. எம் அன்னையார் அதைக் கண்டு கண்கலங்கினார். அதனை வெட்ட அரிவாள் எடுத்த யாம், வெட்டாது வைத்தோம். அதன் காரணமே இக்கட்டுரை.

நம் முன்னோர் எருக்கை முற்றும் ஒதுக்கினாரல்லர். காதல் கைகூடாத தலைவன் எருக்கங்கண்ணி சூடி மடலேறத் துணிவதைச் சங்கப் பாடல்கள் கூறும். எளிய எருக்கம்பூவைச் சூட்டினாலும் கடவுள் மறுப்பதில்லை என்று சொல்லிப் பாரியின் கொடைத்திறத்தை விளக்குகிறார் கபிலர். அது புறநானூற்றின் 106-ஆம் பாட்டு. பிள்ளையார் சதுர்த்தியன்று நாம் எருக்கமாலை தேடுவதும் அம்மரபை ஒட்டியதே.

இனி நாம் வாழும் சாத்தத்திற்கு வருவோம். 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் முதற் குடியேற்றம் அமைத்தது இச்சிறு தீவிலேயாம். 1883-இல் இங்கே மர அறுவை ஆலை எழுந்தது. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த பள்ளம் ஆலை வளாகத்தில் இன்றும் உண்டு. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் அந்தமானைக் கைப்பற்றினர். அதே மாதத்தில் சாவகத் தீவும் அவர்கள் வசமாயிற்று.

சாவகத்தின் வீழ்ச்சி எருக்கின் இனத்திற்குப் புதுப்பெருமை தந்தது. நாம் சென்னையிலிருந்து வரும் கப்பலில் உயிர்காப்புச் சட்டையைக் கண்டிருக்கிறோம் அல்லவா? அந்நாளில் அதனுள் அடைக்கப்பட்டது இலவம்பஞ்சு; அதன் பெரும்பகுதி சாவகத்தினின்றே சென்றது. அவ்வரவு அற்றுப்போகவே, அமெரிக்கர் எருக்கின் உறவான பாற்செடியை நாடினர். அதன் பஞ்சிழை உள்ளே துளையும் மேலே மெழுகுப் பூச்சும் உடையது. ஆதலால் நீரில் மிதக்கும். 1944-இல் பள்ளிப் பிள்ளைகள் வயல் வரப்புகளில் அலைந்து அதன் காய்களைச் சாக்குகளில் திரட்டினர். இரண்டு சாக்குக் காய்கள் ஒரு மாலுமியின் உயிரைக் காக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. களையென்று பிடுங்கப்பட்ட செடி உயிர்காத்த வரலாறு இது.

அப்பாற்செடியின் இலையன்றி வேறுணவு கொள்ளாத புழுவினின்று தோன்றுவது மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சி. அவை பெருந்திரளாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் மெக்சிகோ மலைக்காடுகள் 1975-இல் ஆய்வாளர்க்குப் புலப்பட்டன. களைக்கொல்லியால் பாற்செடி அருகவே, இன்று அந்நாட்டார் அதனை விதையிட்டு வளர்க்கின்றனர்.

நம் எருக்கிலும் அதன் உறவினன் உண்டு. பெயர் வெந்தய வரியன். கருமையும் மஞ்சளும் வெண்மையும் கலந்த வரிகளையுடைய அதன் புழுவையே யாம் எம் முற்றத்து எருக்கிலையில் கண்டோம். இலையின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதனைத் தீண்டா.

சாத்தத்தில் எம் குடியிருப்பின் வேலியோரமும் ஓர் எருக்கு நிற்கிறது. அதன் காய் முற்றி வெடிக்கத் தொடங்குமுன் பறித்துப் பஞ்சை நீக்கி, மணல் கலந்த மண்ணில் கால் அங்குல ஆழத்தில் விதைத்தோம். அமெரிக்கப் பாற்செடி விதைக்குக் குளிர்ப்பதம் வேண்டும்; நம் எருக்குக்கு அது வேண்டா. மழை மிகுந்த இத்தீவில் நீர் தேங்கினால் விதை அழுகும். ஆதலின் மேட்டுப்பாத்தி நன்று. ஆணிவேர் ஆழமாக ஓடுமாதலால் நாற்றை இளமையிலேயே மண்ணோடு பெயர்த்து நடுதல் வேண்டும். பால் கண்ணில் படலாகாது. குழந்தைகளுக்கு இதனை முதலிலேயே கூறுக. பூச்சிமருந்து அறவே கூடாது. புழு இலையைத் தின்னட்டும், அதற்காகவே வளர்க்கிறோம்.

ஊர் முற்றத்து எருக்கில் வண்ணத்துப்பூச்சி வளர்கிறது என்று அன்னையாருக்கு எடுத்துரைத்தோம். "அப்படியானால் வீடு வெறுமையாய் இல்லை" என்றார். அச்சொல் எமக்குப் போதுமானதாயிற்று.