வாப்பாவின் பைபர் தோணியும் நமது கரையின் கதையும்

பதிவு கொஞ்சம் நீளம். கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் வளவின் மூலையில் இருபது வருடமாக ஒரு பைபர் தோணி கவிழ்ந்து கிடந்தது. பதினெட்டு அடி நீளம். அதன் கீழே ஆடு படுத்தது, கோழி அடைகாத்தது, மழைக்கு விறகு நனையாமல் கிடந்தது. "உடைத்து எறியுங்கள், இடமாவது மிஞ்சும்" என்று பலர் சொன்னார்கள். வாப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததால்தான் நாங்கள் அதை நிமிர்த்தினோம். சகோதரர்கள் மூவரும் மச்சானும் சேர்ந்து ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் வேலையைத் தொடங்கினோம்.

மேல் பெயின்ற் நீலம். தேய்க்கத் தேய்க்க அதற்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்கும் கீழே பழைய வெள்ளை. அந்த வெள்ளையில் பாதி அழிந்த பதிவு இலக்கம் ஒன்று தெரிந்தது. வாப்பா வந்து விரலால் தடவிப் பார்த்தார். "இது சூறாவளிக்குப் பிறகு மூத்தவாப்பா எடுத்தது" என்றார். அன்றிரவு பல வருடங்களுக்குப் பிறகு அவர் கடலைப் பற்றிப் பேசினார்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியை நமது பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தென்னந்தோப்புகள் பாய் விரித்தது போல் சரிந்த இரவு அது. மூத்தவாப்பாவின் மரத்தோணி அன்றுதான் போனது. அந்தத் தோணிக்கு மீன் எண்ணெய் பூச வேண்டும், பலகை இடுக்குகளை அடைக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் பலகை மாற்ற வேண்டும். கரைக்கு ஏற்ற ஒரு குடும்பமே தோள் கொடுக்க வேண்டும். புதிய மரத்தோணி கட்ட நல்ல மரமும் இல்லை, பணமும் இல்லை. கடன் எடுத்துப் பைபர் வாங்கினார். "பிளாஸ்ரிக் வாளியில் கடலுக்குப் போறியா?" என்று கரையில் சிரித்தார்களாம்.

அந்த 'பிளாஸ்ரிக் வாளி'க்கும் ஒரு வரலாறு உண்டு. கண்ணாடியை உருக்கி நூலாக இழுக்கும் முறை 1930களில் அமெரிக்காவில் தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தது. அந்த இழையைப் பொலியெஸ்ரர் ரெசினில் தோய்த்து, 1942இல் ஒஹையோ மாநிலத்தின் ரொலிடோ நகரில் ரே கிரீன் என்பவர் ஒரு சிறு படகு செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழில்நுட்பம் உலகமெங்கும் பரவியது.

நமது நாட்டில் 1950களின் இறுதியில் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் வேலை தொடங்கியது. முதலில் வந்தவை 28 அடி மரப்படகுகள். 1964இல் இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு யாழ்ப்பாணத்தின் காரைநகரில் சீநோர் படகுத்துறை உருவானது. பைபர் படகு இலங்கைக் கரைகளில் ஊன்றியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. வடக்கே தமிழ்த் தொழிலாளர்கள் படகு கட்டினார்கள். அதே மாதிரியான படகுகளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கடலுக்குப் போனார்கள். இதை இன்றைய பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

பைபர் வந்ததும் கரையின் வாழ்க்கையே மாறியது. தோணி இலேசானது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டினால் இரண்டு மூன்று பேர் போதும். தூரம் போகலாம், விடிவதற்குள் திரும்பலாம். ஆனால் மரத்தோணிக்குக் காற்றும் துடுப்பும் போதுமாக இருந்தன. பைபருக்கு மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய்க்குக் கடன் வேண்டும். கடன் தந்தவரே மீனுக்கும் விலை சொன்னார். இலாபமும் கடனும் ஒரே தோணியில்தான் வந்து இறங்கின.

பிறகு யுத்தம். கடலுக்குப் போக நேரம் குறிக்கப்பட்டது, தூரம் குறிக்கப்பட்டது, இயந்திரத்தின் வலுவுக்கும் கட்டுப்பாடு வந்தது. பச்சைப் பெயின்ற் அந்தக் காலத்தில் அடித்தது. அதற்கடியில் ஒரு ஒட்டு இருந்தது. முருகைக்கல்லில் மோதிய இடத்தை வாப்பாவும் சாச்சாவும் சேர்ந்து ஒட்டியது. இன்று வரை அந்த ஒட்டு அசையவில்லை.

2004 டிசம்பர் 26. போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நமது மாவட்டம்தான். அதில் எங்கள் சாச்சாவும் ஒருவர். கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர். தோணியோ கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, ஒரு மதிலோடு சாய்ந்து கிடந்தது. ஓட்டை விழுந்திருந்தது, ஆனால் உடையவில்லை. வாப்பா அதை வளவுக்குக் கொண்டுவந்து அவசரமாக ஒரு ஒட்டுப் போட்டு நீலப் பெயின்ற் அடித்தார். கடலுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. கவிழ்த்துவிட்டார்.

நாட்டின் மீன்பிடிப் படகுகளில் ஏறக்குறைய முக்கால்வாசி சுனாமியில் அழிந்தன அல்லது சேதமடைந்தன. அதன் பிறகு நிவாரணப் படகுகள் வந்து குவிந்தன. சில ஊர்களில் முன்பிருந்ததை விட அதிகம். நல்லவையும் இருந்தன, அவசரத்தில் மெல்லியதாக வார்த்தவையும் இருந்தன. தரம் குறைந்த படகுகள் பற்றிய கவலை அப்போதே எழுந்தது. எங்கள் தோணியின் ஓட்டை விளிம்பை அளந்தோம்: 7 மில்லிமீற்றர். நாற்பது வருடம் தாண்டியும் நின்றதற்குக் காரணம் அந்தத் தடிப்புத்தான்.

இனி வேலையைப் பற்றி, செய்ய நினைப்பவர்களுக்காக.

சிறு சுத்தியலால் உடம்பு முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று கேட்டால் நல்லது. 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது. சுனாமிக்குப் பின் போட்ட ஒட்டு, கிரைண்டர் பட்டதுமே அப்பளம் போல் கழன்று வந்தது. பெயின்ற் மேலேயே போட்டிருந்தார்கள். சாச்சாவின் ஒட்டு பழைய பைபர் தெரியும் வரை சுரண்டிப் போட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓட்டையைச் சுற்றித் தடிப்பைப் போல் 12 மடங்கு சரிவாகத் தேய்க்க வேண்டும். 7 மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர். பிறகு மெட், ரோவிங், மீண்டும் மெட் என்று அடுக்கி, உருளையால் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை கட்டலிஸ்ற். நமது வெயிலுக்குக் குறைந்த அளவே போதும். கட்டலிஸ்ற்றையும் கோபால்ற்றையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கலாம். இயந்திரம் பூட்டும் பின்பலகையின் உள்ளிருக்கும் மரம் உக்கியிருக்கும், அதைத் திறந்து பாருங்கள். ஈரத்தில் இந்த வேலை சரிவராது. மாரிக்கு முன், கச்சான் அடிக்கும் மாதங்களில் முடித்துவிடுங்கள். முகக்கவசம் கட்டாயம். பிள்ளைகளைத் தூர வையுங்கள். பழைய துண்டுகளை எரிக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு.

சாச்சாவின் ஒட்டை நாங்கள் தொடவில்லை. அது நன்றாகவே இருக்கிறது. பதிவு கிடைத்ததும் தம்பி தோணியைக் கொண்டுபோவான், இன்ஷா அல்லாஹ். போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்து வாப்பா தோணியைச் சுற்றிப் பார்த்தார். அணியத்தில் கைவைத்து, "முன்பாரம் கொஞ்சம் கூடிட்டு, வலையைப் பின்னுக்கு வையுங்க" என்றார். அதற்கு மேல் நாங்களும் எதுவும் கேட்கவில்லை.

நமது கரையின் வரலாற்றை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. அது வளவுகளில் கவிழ்ந்து கிடக்கிறது, பெரியவர்களின் வாயில் இருக்கிறது. இரண்டும் குறைந்துகொண்டே போகின்றன. உங்கள் வீட்டில் பழைய தோணி இருந்தால் உடைப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள். வாப்பாமாரிடம், மூத்தவாப்பாமாரிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள்: எந்த வருடம் வாங்கியது, யார் யார் போனார்கள், யார் திரும்பி வரவில்லை. கேட்டதை எழுதி வையுங்கள்.

கடலில் போன நமது எல்லோருக்காகவும் துஆ செய்யுங்கள்.