கவலை மேட்டிலிருந்து இல்லக் கூடத்துக்கு: கொங்கு முதியோரின் பாட்டு வரலாறு

முதியோர் இல்லத்தில் இசை என்றதும் நம் மனத்தில் எழுவது, பண்டிகை நாளில் யாரோ வந்து பாட, முதியவர்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்கும் காட்சி. எண்பதைக் கடந்த கொங்குக் கிராமத்துத் தலைமுறைக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர்களுடைய இளமையில் பாட்டு உடலின் வேலையோடு சேர்ந்தே இருந்தது.

கிணற்று மேட்டில் மாடுகளை ஓட்டி, கவலை என்ற நீரிறைப்பு முறையில் நீர் இறைத்தவர் பாடினார். நடவிலும் களையெடுப்பிலும் பெண்கள் பாடினார்கள். 1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவையின் பஞ்சாலைகள் பெருகின. பின்னர் மின்மோட்டார்கள் கிணறுகளுக்கும் வந்தன. மாடு நின்றதும் இறைப்புப் பாட்டுக்கு வேலையில்லாமல் போனது. கோயில் நோன்பிகளில் மட்டும் கும்மியும் ஒயிலாட்டமும் உடுக்கைக் கதைப்பாட்டும் நிலைத்தன. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் அத்தகைய கதைப்பாட்டான அண்ணன்மார் சாமி கதையை ஒலிப்பதிவு செய்தபோது, அது இரவிரவாகப் பாடப்பட்டுக்கொண்டிருந்த உயிருள்ள கதை. அன்று இருபது வயதில் களத்தில் உட்கார்ந்து கேட்டவருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது.

இதற்கிடையே கோவை திரைநகரமும் ஆகியிருந்தது. அங்கிருந்த பட்சிராஜா நிறுவனத்தின் ‘மலைக்கள்ளன்’ திரைப்படம் 1954-இல் வெளிவந்தது. 1966-இல் கோவை வானொலி நிலையம் தொடங்கியது. இவ்வாறு பாடிக்கொண்டிருந்தவர் மெல்லக் கேட்பவரானார். முதியோர் இல்லம் அந்த மாற்றத்தின் கடைசிப் படி என்றே நான் கருதுகிறேன்.

சட்டமும் இந்தப் போக்கைத்தான் பிரதிபலிக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டந்தோறும் குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லம் பற்றிப் பேசுகிறது; அங்கு மருத்துவத்தோடு பொழுதுபோக்கு வசதியையும் குறிப்பிடுகிறது. முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கான அமெரிக்காவின் 1987 சட்டமோ, ஒவ்வொருவரின் விருப்பத்துக்கும் நலத்துக்கும் ஏற்ற செயல்பாடுகளைத் தொடர்ந்து நடத்தவேண்டும் என்றது. ஒருவரைத் தனித்தனியாக அறிந்துகொள்ளும் கடமை அதில் இருக்கிறது.

இசையால் என்ன பயன்? மறதிநோயாளர்களுக்கான இசைச் சிகிச்சை பற்றி 2018-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மனச்சோர்வு குறையக்கூடும் என்றது. அமைதியின்மையோ மூர்க்கமோ குறைவதாகக் காணவில்லை. நினைவாற்றலைத் திருப்பித் தரும் என்று யாரும் வாக்களிக்க வேண்டாம். ஒருவரின் பிற்பகல் சோர்வில்லாமல் கழிவதே பெரிய காரியம்.

கும்மி இதற்கு நன்கு உதவும். கைதட்டும் தாளமும், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் பின்பாடும் முறையும் நாற்காலியில் இருந்தபடியே சாத்தியம். வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் 87 வயதில், 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; ஆண்கள் ஆடிவந்த கலையில் பெண்களையும் பயிற்றுவித்தவர். அந்த வயதிலும் ஒருவர் வாத்தியாராக விளங்க முடியும் என்பதை இல்லங்கள் கவனிக்க வேண்டும். “அம்மிச்சி, நீங்க எடுத்துக் குடுங்க, நாங்க பாடுறோமுங்க” என்று பணிப்பெண் கேட்டால், பாடுகிற இடம் முதியவருக்குத் திரும்பக் கிடைக்கிறது.

கோவையைச் சுற்றி எழுந்துள்ள ஓய்வுக்கால வளாகங்களில் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களும் வெளிமாநிலத்தாரும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கும்மியைத் திணிப்பதும் தவறே. ஒருவர் வந்து சேரும்போதே எந்த ஊர், என்ன தொழில், பதினைந்து முதல் முப்பது வயதுவரை எதைப் பாடினார், கேட்டார் என்று எழுதிவைக்க வேண்டும். மறதி முற்றியிருந்தால் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.

எதை விரும்பவில்லை என்பதையும் அதே தாளில் குறிக்க வேண்டும். ஒப்பாரி பாடத் தெரிந்த மூதாட்டிக்கு அது ஆறுதலாகலாம், பழைய சாவைக் கிளறவும் செய்யலாம். ஊர்ச் சாவுக்கெல்லாம் சாதிக் கட்டாயத்தால் பறை அடித்தவருக்கு அந்த ஒலி அவமானத்தின் நினைவாக இருக்கலாம். அவர் முன் பறையைக் கொண்டுவருமுன் அவருடைய சம்மதம் வேண்டும். மறுத்தால், காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும்.