மூன்று என்பது எது?



"௩ நம் எண், 3 பிறர் எண். பிள்ளைக்கு எதனை உண்மையான மூன்று என்று சொல்லிக் கொடுப்பது, டீச்சர்?" எனச் சுங்கை ரம்பாய்ப் பெற்றோர் சிலர் என்னிடம் வினவுவதுண்டு. (3 என்பதும் இந்திய மண்ணில் தோன்றி அரேபியர் வழியே ஐரோப்பா சென்றதே, அது வேறு கதை.) இதே வினா ஐரோப்பியக் கணித அறிஞர்களையும் வேறோர் உருவில் அலைக்கழித்தது.

1888இல் ஜெர்மானியக் கணித மேதை ரிச்சர்டு டெடிகிண்டு, எண் என்றால் என்ன என்று ஆராய்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். தொடக்கம் ஒன்று; ஒவ்வோர் உறுப்புக்கும் அடுத்தது ஒன்று; முன் வந்தது மீண்டும் வாராது; அடுத்தடுத்துச் சென்றால் எட்டாதது எதுவுமில்லை. இவ்வாறு அமைந்த வரிசைகள் எவையாயினும் ஒன்றோடொன்று பொருந்தும் என அவர் நிறுவினார். தொடக்கத்தைத் தொடக்கத்தோடும் அடுத்ததை அடுத்ததோடும் இணைத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. பழந்தமிழ் எண்முறையில் சுழியக் குறி இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் உண்டு. 205 என்பது ௨௱௫. எழுதும் முறை இத்துணை வேறுபட்டும், இரு வரிசைகளுக்கும் இடையே உள்ள பொருத்தம் ஒன்றே ஒன்றுதான்.

மூன்று பிள்ளைகளை மூன்று நாற்காலிகளில் அமர்த்துவதோ அவ்வாறன்று. அதற்கு ஆறு வழிகள் உள்ளன. ஒன்றை ஆசிரியர்தாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பின்னர் எண்களைக் கணங்களாகவே கட்டி எழுப்ப முனைந்தனர். கணத்தைப் பெட்டி எனக் கொள்வோம். வெறும் பெட்டி சுழியம். 1908இல் செர்மெலோ அமைத்த முறையில், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதற்கு முந்தைய எண் மட்டுமே இருக்கும். 1923இல் வான் நியூமன் அமைத்த முறையில், முந்தைய எண்கள் அனைத்தும் இருக்கும். ஆகவே மூன்று எனும் பெட்டியைத் திறந்தால், முன்னவரிடம் ஒரு பெட்டி, பின்னவரிடம் மூன்று! இவற்றுள் எது உண்மையான மூன்று என்று 1965இல் பெனசெராஃப் என்னும் தத்துவ அறிஞர் கேட்டார். இரண்டுமே அல்ல என்பது அவர் முடிவு.

அதற்கு முன்பே, 1945இல் ஐலன்பெர்க்கும் மெக் லேனும் கேட்டகரி தியரி என்னும் துறைக்கு அடித்தளம் இட்டிருந்தனர். ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை விடுத்து, பிற பொருள்களோடு அது கொள்ளும் உறவை நோக்குவது அத்துறை. அவ்வழியில் 1964இல் லாவியர் எண்வரிசையை வரையறுத்தார்: தொடக்கமும் அடுத்த அடியும் உடைய எதனை நோக்கியும் எண்வரிசையிலிருந்து ஒரே ஒரு பாதை உண்டு. இந்த இலக்கணத்துக்கு உட்பட்ட வரிசைகள் இரண்டு இருப்பின், அவற்றைப் பொருத்தும் வழியும் ஒன்றே. எனவே ௩, 3 இரண்டும் மூன்றே என்று பெற்றோரிடம் தயங்காமல் கூறுகிறேன்.

ஆயினும் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றை முன்னே வைத்தாக வேண்டுமே! இரு பொருள்களை எவ்வரிசையில் இணைத்தாலும் கணிதத்தில் அவை ஒத்தவை. மொரிசியசிலோ, பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே தமிழ்க் கைவினைஞர் குடியேறிய நாட்டில், 1998இல் வெளியான ரூபாய்த் தாள்களில் தமிழுக்கு முன்னே இந்தி வந்தது. தமிழர் கொதித்தெழுந்தனர். அத்தாள்கள் மீட்டுக்கொள்ளப்பட்டன, 1999இல் புதிய தாள்கள் வெளிவந்தன.