ஏடும் மிடறும்: திருமுறை ஓதும் மரபின் வரலாறு

இந்து சமயத்தின் மறைநூல்களைப் பற்றிப் பேசுங்கால் முதற்கண் நினைவுக்கு வருவன இருக்கு, யசுர், சாமம், அதர்வணம் என்னும் நான்கு வேதங்களாகும். இவை நெடுங்காலம் எழுதப்பெறாமல், ஆசிரியர் ஓத மாணாக்கர் கேட்டு ஓதும் முறையிலேயே காக்கப்பெற்றன. தமிழகச் சைவம் வேதத்தையும் ஆகமத்தையும் ஏற்றதோடு, சம்பந்தர், அப்பர், சுந்தரர் என்னும் மூவர் பாடிய பதிகங்களையும் அவற்றோடு ஒப்ப வைத்துப் போற்றிற்று. ஊர்ப்பெயரும் ஆற்றின் பெயரும் விரவ, மக்கள் அறிந்த மொழியில் பாடப்பெற்ற இசைப்பாடல்கள் மறைநூல் என்னும் நிலையை எய்திய வரலாறு ஆராய்தற்குரியது.

பெயர் வழக்கு

மூவர் பாடல்களை இன்று தேவாரம் என்கிறோம். ஆயின் சோழர் காலத்தில் 'தேவாரம்' என்னும் சொல் வழிபாட்டை, சிறப்பாகத் தமக்கென நிகழ்த்தும் வழிபாட்டைக் குறித்தது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, இராசராசன் வழிபட்ட திருமேனியைத் 'தேவார தேவர்' எனக் குறிக்கின்றது. பாடல்களுக்குக் கல்வெட்டுகள் வழங்கும் பெயர் 'திருப்பதியம்' என்பதே. வழிபாட்டைச் சுட்டிய சொல் பின்னர் வழிபாட்டிற் பாடப்பெறும் பாடலுக்கே பெயராயிற்று. பாடலும் பூசையும் எத்துணை நெருங்கிக் கலந்தன என்பதற்கு இப்பெயர் மாற்றமே சான்றாகும்.

கல்வெட்டில் ஓதுவார்

திருப்பதியம் பாடுவோரைக் குறிக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று திருவல்லத்தில் உள்ளது. அது ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பொறிக்கப்பெற்றது. அடுத்த நூற்றாண்டில், முதற் பராந்தகன் காலக் கல்வெட்டுகளும் இப்பணிக்கு விடப்பட்ட நிவந்தங்களைக் கூறுகின்றன.

இவற்றுள் விரிவானது இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த தஞ்சைக் கல்வெட்டாகும். பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரரும், உடுக்கை வாசிப்பவர் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவருமாக 50 பேர் அமர்த்தப்பெற்றனர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கப்பெற்றது. ஒருவர் இறந்தாலோ புலம்பெயர்ந்தாலோ அவர்தம் உறவினர் அப்பணியை ஏற்க வேண்டும். தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும் என்பதும் விதிக்கப்பட்டது. பக்தியை மட்டும் நம்பியிராமல், பாட்டு இடையறாது தொடர்வதற்கான ஏற்பாட்டையும் அரசு செய்தமை இதனால் விளங்கும்.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்க் கல்வெட்டு மேலும் நெகிழ்ச்சி தருவது. பார்வையற்றோர் 16 பேர் அங்குத் திருப்பதியம் பாடுதற்கும், அவர்களை வழிநடத்தக் 'கண்காட்டுவார்' இருவர் உடனிருத்தற்கும் அது வகை செய்கின்றது. ஏட்டைக் கண்ணால் காண இயலாதவரும் பதிகத்தை முழுமையாகக் காத்தனர். மறை என்பது செவிவழி மிடற்றில் நிற்பது என்னும் கொள்கைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தில்லையில் கிடைத்த ஏடுகள்

உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கொள்ளப்படும் திருமுறைகண்ட புராணம் கூறும் வரலாறு பலரும் அறிந்தது. அபயகுலசேகரனாகிய இராசராசன் பதிகங்களைத் தேடித் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியை அடைகிறான். தில்லையில் மூவர் கை அடையாளத்துடன் பூட்டப்பட்ட அறையில் அவை உள்ளன என்பது தெரிகின்றது. மூவரே வந்தாலன்றிக் கதவு திறவாது என்று அந்தணர் மறுக்க, அரசன் மூவர் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்கிறான். உள்ளே புற்று மூடிய ஏடுகளுள் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. எஞ்சியவற்றை நம்பி திருமுறைகளாக வகுத்தார்.

இதனைக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். இராசராசன் அரியணை ஏறியது கி.பி. 985இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே திருவல்லத்தில் பதிகங்கள் பாடப்பட்டன. எனவே பதிகங்கள் முற்றிலும் மறைந்திருந்து மீண்டன எனக் கொள்ளுதற்கு இடமில்லை. ஆங்காங்கே ஓதுவார் மிடற்றில் வாழ்ந்தவை ஒரு நூலாகத் தொகுக்கப்பட்டு, முறைப்படுத்தப்பட்ட நிகழ்வையே அப்புராணம் நினைவுகூர்கின்றது எனக் கொள்ளலாம். அறை பூட்டியிருந்த காலத்திலும் பாட்டு வாய்மூடி இருக்கவில்லை.

பண் வகுத்த பெண்

ஏடு கிடைத்தும் பண் கிடைக்கவில்லை என்று அப்புராணம் தொடர்கின்றது. அதன்பொருட்டுத் திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தியைக் கண்டு, அவளைக் கொண்டே பண்முறை வகுப்பித்தனர் என்பது செய்தி. தாழ்வாக எண்ணப்பட்ட பாணர் குலத்தவள் ஒருத்தியிடமிருந்தே திருமுறையின் இசையைப் பெற்றதாகச் சைவ மரபே கூறுவது பெரிதும் கருதத்தக்கது. ஆயினும் கோயில்களில் ஓதுவார் பணி பிற்காலத்தில் ஆடவர்க்கே உரியதுபோல் ஆயிற்று. அவளது பெயர்தானும் நமக்கு எட்டவில்லை.

அண்மைக் கால நிகழ்வுகள்

1917ஆம் ஆண்டில் திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டிலிருந்து, ஏடுகளில் காணப்படாத சம்பந்தர் பதிகம் ஒன்று வெளிப்பட்டது. ஏடு கைவிட்டதைக் கல் காத்தது. 1949 முதல் சென்னைத் தமிழ் இசைச் சங்கம் பண் ஆராய்ச்சி மாநாடுகளை நடத்தலாயிற்று. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1984, 1985ஆம் ஆண்டுகளில் தி. வே. கோபாலையரின் தேவாரப் பதிப்பை வெளியிட்டது. 2023 ஏப்ரலில், சம்பந்தர் பிறந்த சீகாழியின் சட்டைநாதர் கோயிலில், தேவாரம் பொறித்த நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகள் மண்ணினடியிலிருந்து வெளிவந்தன. அழியாமற் காக்கவேண்டும் என்னும் கவலையோடு முன்னோர் புதைத்தவை போலும் அவை.

பொருள் கிடைத்தது போல உரிமை எளிதிற் கிடைக்கவில்லை. ஏடுகள் பூட்டிவைக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்படும் அதே தில்லையில், திருச்சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடலாம் என்பதற்கு 2008இல் அரசாணையே தேவைப்பட்டது. 2021இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் இளம்பெண் ஒருவர் ஓதுவாராக அமர்த்தப்பெற்றார். பண் வகுத்தவள் பெண் என்னும் செய்தியை ஏற்ற மரபு, பாடுபவளையும் ஏற்பதே முறை.

நிறைவுரை

ஒரு நூல் மறையாவதற்கு அதன் பொருளுயர்வு மட்டும் போதாது. அதனை நாள்தோறும் ஓதுவோரும், அவர்க்கு நெல்லளப்போரும், அமர்ந்து கேட்போரும் வேண்டும். இம்மூவருள் ஒருவர் விலகினும் ஏடு வெறும் ஏடாகவே எஞ்சும். இன்று பதிகங்கள் அச்சிலும் ஒலிப்பதிவிலும் எளிதிற் கிடைக்கின்றன. செல்லரிக்கும் அச்சம் நீங்கிற்று. ஆனால் மாலைப் பூசையில் ஓதுவார் கொல்லிப்பண்ணில் பதிகம் தொடங்கும்போது நின்று கேட்போர் எத்தனை பேர் என்பதே இனி எண்ணவேண்டியது. இராசராசன் 48 பிடாரரை அமர்த்தியது ஏட்டைக் காப்பதற்கன்று. அது ஒலித்துக்கொண்டே இருப்பதற்காகும்.