நம் வானத்துக்கு நம்மவர் தலைமை: ஆகாயப் படைத் தளபதி சுலைமான் சுஜாக்



1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாளை நம்மில் எவரும் மறப்பதில்லை. அன்றுதான் மலாயா விடுதலை பெற்றது. பழைய கொடி இறங்கியது, புதிய கொடி ஏறியது. ஆனால், மறுநாள் காலையில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்ற தொழிலாளர்கள் என்ன கண்டார்கள்? முந்தின நாள் பேர் கூப்பிட்டவரே அன்றும் பேர் கூப்பிட்டார். பெரிய துரையின் பங்களாவில் பெரும்பாலும் வெள்ளைக்காரரே இருந்தார். நாட்டின் படைகளுக்குத் தலைமை தாங்கியவர்களும் வெள்ளைக்காரர்களே.

கொடி ஓர் இரவில் மாறிவிடும். நாற்காலி அப்படி மாறுவதில்லை. அதில் அமரத் தகுதியுள்ளவர் முதலில் உருவாக வேண்டும். அத்தகைய நாற்காலி ஒன்றின் கதையையும், அதில் முதன்முதலாக அமர்ந்த மலேசியரின் கதையையும் இன்று சொல்ல விரும்புகிறேன். அரச மலேசிய ஆகாயப் படையின் முதல் மலேசியத் தளபதி ஏர் வைஸ் மார்ஷல் சுலைமான் சுஜாக் அவர்களே அவர்.

முதலில், அந்தப் படை பிறந்த விதத்தைப் பார்ப்போம்.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தைத் தோட்டத்து முதியவர்கள் அறிவார்கள். காட்டுக்குள் இருந்த படைவீரர்களுக்கு விமானங்கள் உணவும் மருந்தும் போட்டன. துண்டுப் பிரசுரங்களை வீசின. சில விமானங்கள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வானிலிருந்தே பேசின. அவை பெரும்பாலும் பிரிட்டிஷாருடைய படையையும் அவர்களுடைய நட்பு நாடுகளின் படைகளையும் சேர்ந்தவை. வானம் நம்முடையதாக இருந்தாலும், அதில் பறந்த இறக்கைகள் பெரும்பாலும் நம்முடையவை அல்ல.

1958-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாக் கூட்டரசின் ஆகாயப் படை அமைக்கப்பட்டது. அதன் முதல் விமானம், ஸ்காட்லாந்தில் செய்யப்பட்ட ‘டுவின் பயனியர்’ என்னும் இரட்டை இயந்திர விமானம். குறுகிய ஓடுபாதையிலும் எழும்பி இறங்கக்கூடியது. காட்டுக்கோட்டைகளின் சிறிய திடல்களுக்குப் பொருத்தமாக இருந்ததால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு ‘லாங் ராஜாவாலி’ என்று பெயர் சூட்டினார். பருந்தினப் பறவையின் பெயர் அது.

அந்தப் படைக்குத் தொட்டிலாக அமைந்த இடம் சுங்கை பெசி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து அது சில மைல் தூரந்தான். 1965-ஆம் ஆண்டில் சுபாங் விமான நிலையம் திறக்கப்படும் வரை தலைநகருக்கு வந்துபோன பயணிகளும் சுங்கை பெசியில்தான் இறங்கினார்கள். அங்கே ஆகாயப் படையின் முதல் தளபதியாக அமர்ந்தவர் ஏர் கொமடோர் ஜான்ஸ்டன். 1940-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வானில் ஜெர்மானிய விமானங்களை எதிர்த்து நடந்த பெரும் போரில் ஒரு விமான அணிக்குத் தலைமை தாங்கியவர். அவருக்குப் பின் வந்தவர்களும் பிரிட்டிஷ் அதிகாரிகளே. திறமையில் அவர்களுக்குக் குறை இல்லை. ஆனாலும் அவர்கள் இரவல் தலைவர்கள். இரவல் நகை எவ்வளவு மின்னினாலும் ஒருநாள் திருப்பித் தரவேண்டியதுதானே?

நேயர்களே, இப்போது நம் கதாநாயகரிடம் வருவோம்.

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் வட்டாரத்தில் கிரான்வெல் என்னும் ஊரில் அரச ஆகாயப் படைக் கல்லூரி இருக்கிறது. 1920-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆகாயப் படையின் அதிகாரிகளை வார்த்தெடுக்கும் உலைக்களம் அது. விமானம் ஓட்டுவது மட்டும் அங்கே பாடமன்று. கணக்கு, விஞ்ஞானம், வரலாறு, தலைமைப் பண்பு ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் பயிற்சி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடிக்கும். இளைஞரான சுலைமான் சுஜாக் அங்கே பயின்று 1958-ஆம் ஆண்டில் தேறினார்.

இந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர் கல்லூரிக்குள் நுழைந்தபோது மலாயா இன்னும் விடுதலை பெறவில்லை. பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் இருந்த நாட்டிலிருந்து போனவர், பயிற்சி முடிந்தபோது சுதந்திர நாட்டின் குடிமகனாக இருந்தார். நாற்காலி காலியாகும் என்று எவரும் உறுதி சொல்லாத நேரத்திலேயே, அதற்கான படிப்பு தொடங்கிவிட்டது. இந்தக் கதையின் சாரமே அதில்தான் இருக்கிறது.

அண்டை நாடுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் இது மேலும் விளங்கும். இந்தியா 1947-இல் விடுதலை பெற்றது. அதன் ஆகாயப் படைக்கு முதல் இந்தியத் தளபதியாக சுப்ரதோ முகர்ஜி 1954-இல்தான் பொறுப்பேற்றார். அவரும் கிரான்வெல் மாணவரே. 1932-இல் அதிகாரியானவர், 22 ஆண்டு அனுபவத்திற்குப் பிறகு தலைவரானார். பாகிஸ்தானில் அஸ்கர் கான் 1957-இல் முதல் சொந்தத் தளபதி ஆனார். இலங்கையில் 1951-இல் ஆகாயப் படை தோன்றி, 1962-இல் ரோஹான் அமரசேகர முதல் இலங்கைத் தளபதியானார். நம் நாட்டில் படை தோன்றியது 1958-இல், முதல் மலேசியத் தளபதி வந்தது 1967-இல்.

காத்திருந்த காலம் எல்லா நாடுகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு அனுபவத்தில் இருக்கிறது. முகர்ஜிக்கு 22 ஆண்டு கிடைத்தது. சுலைமானுக்குக் கிடைத்தது வெறும் 9 ஆண்டு. முப்பது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன நிலையில், ஒரு நாட்டின் வானத்தைக் காக்கும் பொறுப்பு அவர் தோளில் ஏறியது. அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த அலஸ்டர் ஸ்டீட்மன் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி, பிற்காலத்தில் தம் நாட்டின் படையில் ஏர் சீஃப் மார்ஷல் நிலை வரை உயர்ந்தவர். அப்படிப்பட்டவர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவது எளிய காரியமா?

அதே 1967-ஆம் ஆண்டில் நாம் பெருமையோடு நினைக்கவேண்டிய மற்றொரு நியமனமும் நடந்தது. டிசம்பர் முதல் நாள் அரச மலேசியக் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் கே. தனபாலசிங்கம். தமிழர். கோலாலம்பூர் விக்டோரியா கல்விநிலையத்தின் மாணவர். இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். அப்போது அவருக்கு வயது 31! வானத்துக்கு ஓர் இளைஞர், கடலுக்கு ஓர் இளைஞர். இருவரும் 1976 வரை அந்தப் பொறுப்புகளில் இருந்தார்கள்.

பொறுப்பேற்ற சில மாதங்களுக்குள்ளேயே பெரிய சோதனை வந்தது. பிரிட்டனில் பணத் தட்டுப்பாடு. 1967 நவம்பரில் பவுன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தார்கள். 1968 ஜனவரியில், தென்கிழக்காசியாவிலிருந்து தங்கள் படைகளை 1971-ஆம் ஆண்டு முடிவுக்குள் மீட்டுக்கொள்ளப் போவதாக அறிவித்தார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். 1964 செப்டம்பரில் ஜொகூர் லாபிஸ் வட்டாரத்தில் இந்தோனேசியப் பாராசூட் வீரர்கள் இறங்கியபோது, அவர்களைத் தேடிப் பிடிக்கப் பிரிட்டிஷ் படைகளும் நட்பு நாடுகளின் படைகளும் துணை நின்றன. இனி அந்தத் துணையை எப்போதும் நம்பியிருக்க முடியாது என்றாகிவிட்டது.

அதுவரை நம் ஆகாயப் படை பெரும்பாலும் மூட்டை சுமக்கும் படையாகவே இருந்தது. ஆட்களையும் உணவையும் ஏற்றிச் செல்வதே அதன் முதன்மையான வேலை. போர் விமானம் வேண்டுமென்றால் அயலாரை நாடவேண்டும். அந்த நிலை படிப்படியாக மாறியது. கனடாவில் செய்யப்பட்ட ‘தெபுவான்’ ஜெட் விமானங்கள் 1967 முதல் வந்தன. தெபுவான் என்றால் குளவி. 1968-இல் ‘நூரி’ ஹெலிகாப்டர்கள் வரத் தொடங்கின. 1969-இல் ஆஸ்திரேலியா ‘சேபர்’ போர் விமானங்களை வழங்கியது. 1975-இல் ஒலியைவிட வேகமாகப் பறக்கும் ‘எஃப்-5’ விமானங்கள் வந்து சேர்ந்தன. 1971 நவம்பரில் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

இவற்றில் நூரியை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். வெள்ளக் காலங்களில் கூரைமேல் தவித்த மக்களை மீட்டது அது. சாலையில்லாத உட்பகுதிகளுக்குச் சாமான்களைக் கொண்டுசென்றது. காட்டுக்குள் நோயுற்ற பூர்வகுடி மக்களை மருத்துவமனைக்குச் சுமந்து வந்தது. அந்தப் பணிகளில் விபத்துக்குள்ளாகி உயிர்நீத்த வீரர்களும் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த பிறகு 2020-ஆம் ஆண்டில்தான் அது ஓய்வு பெற்றது.

எல்லாம் ஒரே நாளில் கைகூடிவிட்டது என்று எண்ணவேண்டாம். முதல் மலேசியத் தளபதி வந்த பின்னும் சில பொறுப்புகளில் வெளிநாட்டு அதிகாரிகள் தொடர்ந்தார்கள். பட்டர்வொர்த் விமானத்தளம் ஆஸ்திரேலியரின் பொறுப்பிலிருந்து நம் கைக்கு முழுமையாக வந்தது 1988-ஆம் ஆண்டில்தான். தலைமை நாற்காலி மாறுவது தொடக்கமே தவிர முடிவன்று.

இங்கே பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். வகுப்பில் விமானப் படம் வரையச் சொன்னால், பிள்ளைகள் இறக்கை வரைகிறார்கள், விமானி வரைகிறார்கள். கீழே நிற்பவரை எவரும் வரைவதில்லை. ஆனால் ஒரு விமானம் பறக்க, தரையில் பலர் உழைக்கவேண்டும். இயந்திரம் பார்ப்பவர், மின்கம்பிகளைச் சோதிப்பவர், ரேடார் கவனிப்பவர், எரிபொருள் நிரப்புபவர், வானிலை கணிப்பவர் என்று பட்டியல் நீளும். நம் தோட்டத்திலும் அப்படித்தானே? அதிகாலையில் பால் மரத்தடியில் நிற்பவர், பால் நிறுப்பவர், ஆலையில் உருளை ஓட்டுபவர், புகைக்கூடத்தில் வெப்பம் பார்ப்பவர் ஆகிய இத்தனை பேரும் சரியாக வேலை செய்தால்தான் ஒரு ரப்பர் ஷீட் உருவாகும். அந்த ஒழுங்கையும் கூட்டுழைப்பையும் நம் பிள்ளைகளுக்கு எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது கணக்கும் விஞ்ஞானமும் மொழித் திறனுந்தான்.

மீண்டும் தளபதியிடம் வருவோம். படைத் தலைவராக இருந்த காலத்திலேயே, 1973-ஆம் ஆண்டில், லண்டனிலுள்ள அரச தற்காப்பு ஆய்வுக் கல்லூரியில் அவர் மேற்பயிற்சி முடித்தார். தளபதியே மாணவராகிப் போய் உட்கார்ந்தார்! கற்பதற்கு வயதும் இல்லை, பதவியும் தடையில்லை.

1976-இல் படையிலிருந்து விலகிய பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மலேசிய விமான நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்தார். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு ஆலோசகராக இருந்தார். பிறகு குத்ரி தோட்ட நிறுவனத்தில் வணிகப் பிரிவு இயக்குநராகப் பணியாற்றினார். குத்ரி என்ற பெயர் தோட்டத்து மக்களுக்குப் பழக்கமானதுதான். பிரிட்டிஷ் முதலாளிகளின் கையிலிருந்த அந்தக் கம்பெனியை, 1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் பங்குகளை வாங்கி மலேசியா தன் கைக்குக் கொண்டுவந்தது. வானத்தில் நடந்த மாற்றம் தோட்டத்திலும் நடந்தது.

ஆனால் நேயர்களே, இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. முதலாளி மாறினார், துரை மாறினார். லயத்து வீட்டுப் பிள்ளையின் நிலை அதே வேகத்தில் மாறியதா? இல்லை என்பதை நாம் அறிவோம். 1950-களின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையோடு வீட்டையும் இழந்தவர்கள் நம்மவர்கள். 1969-இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமைப் பத்திரம் இல்லாமல் கலங்கியவர்களும் நம்மவர்களே. ஆறாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை மரம் வெட்ட அனுப்பிய குடும்பங்கள் எத்தனை! வறுமையே அதற்குப் பெருங்காரணம். உயரத்தில் ஒரு நாற்காலி இருப்பதால் மட்டும் பயனில்லை. அங்கே போகும் ஏணியின் கீழ்ப்படி லயத்து வாசல் வரை எட்டவேண்டும். அதை எட்டச்செய்வது அரசின் கடமை, நிர்வாகத்தின் கடமை, ஆசிரியரின் கடமை. எட்டியபின் பிள்ளையின் காலை அதில் எடுத்துவைப்பது பெற்றோரின் கடமை.

சுங்கை பெசி ஆகாயப் படைத்தளம் 2018-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதே சுங்கை பெசியில் 2006 முதல் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் இயங்கிவருகிறது. எந்த இனத்துப் பிள்ளையும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பிறப்புப் பத்திரத்தையும் அடையாளக் கார்டையும் காலத்தோடு எடுத்துவையுங்கள். இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டிலேயே கணக்குப் பாடத்தில் பின்தங்கும் பிள்ளையைக் கவனியுங்கள். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது கவனித்தால் காலம் கடந்திருக்கும்.

சுலைமான் சுஜாக் அவர்களின் வாழ்க்கை நமக்குக் காட்டுவது இதுதான். 1967-இல் ஒரு நாற்காலி காலியானது. அதற்குரியவர் அப்போது தேடப்படவில்லை. மெர்டேக்காவுக்கு முன்பே பாடப் புத்தகத்தைத் திறந்துவிட்டவர் ஒருவர் ஆயத்தமாக நின்றார். நம் பிள்ளைகளின் முறை எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. வரும்போது அவர்கள் ஆயத்தமாக இருக்கவேண்டும்.