அமோனிய உப்புகள்

அமோனியா, அமிலங்களுடன் சேர்ந்து உண்டாகும் படிக உப்புகள். உரம், உலோகப் பூச்சு, மருந்து, வெடிபொருள் ஆகிய தொழில்களில் பயன்படுகின்றன.

இவற்றுள் தமிழ்நாட்டில் நெடுங்காலம் புழங்கியது நவச்சாரம் (அமோனியம் குளோரைடு). ஈயம் பூசுவோர், நன்கு காய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் ஈயத்தை இழுத்து, நவச்சாரப் பொடி தொட்ட பஞ்சால் தேய்ப்பர். மூக்கைத் துளைக்கும் வெண்புகை எழும். களிம்பு நீங்கி, ஈயம் வெள்ளியாய்ப் பரவும். எவர்சில்வர் வந்தபின் இத்தொழில் அருகிவிட்டது.

தென்னிந்தியாவில் ஆலை உற்பத்தியின் வரலாறு பெரும்பாலும் அமோனியம் சல்பேட்டின் வரலாறே. நீர் தேங்கிய நெல்வயலில் நைட்ரேட் எளிதில் வீணாகும். அமோனியமோ களிமண்ணைப் பற்றி நிற்கும். திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் ஊக்கத்தில், சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால், 1943-இல் ‘ஃபாக்ட்’ நிறுவனம் பதிவானது. ஆலுவாய்க்கு அருகே ஏலூரில் 1947-இல் உற்பத்தி தொடங்கிற்று. ஆண்டுக்கு 50,000 டன் அமோனியம் சல்பேட் அதன் திட்ட அளவு. நிலக்கரி வயல்கள் வெகுதொலைவில் இருந்தமையால் விறகை வாயுவாக்கி ஹைட்ரஜன் எடுத்தார்கள். காட்டு மரத்தை உலையிலிட்டு நெல்லுக்கு உரம் செய்த இந்த ஏற்பாடு, உரத்தொழிலில் மிக அபூர்வமானது. இறக்குமதிக் கந்தகத்தின் தேவையைக் குறைக்க, அன்றைய திருச்சி மாவட்டத்து ஜிப்சம் கைகொடுத்தது. அமோனியாவும் கரியமில வாயுவும் கலந்த கரைசலில் ஜிப்சத்தைச் சேர்த்தால் அமோனியம் சல்பேட் கரைசலில் நிற்கும். சுண்ணாம்பு அடியில் படியும். விறகின் இடத்தைப் பின்னாளில் நாப்தா பிடித்துக்கொண்டது.

ஏலூர் ஆலையே நாட்டின் முதல் அமோனியம் சல்பேட் ஆலை என்று சிலர் எழுதுவர். மைசூர் அருகே பெலகோலாவில் அதற்கு முன்பே ஒரு சிற்றாலை இயங்கியதால், ‘பெரிய அளவில் முதலாவது’ என்று கொள்வதே பொருந்தும். கோக் அடுப்புகளின் உபபொருளாகக் கிடைத்த சல்பேட் இவ்விரண்டுக்கும் மூத்தது.

தூத்துக்குடியில் 1980-களில் சோடா உப்புடன் அமோனியம் குளோரைடும் உரமாக உற்பத்தியாகத் தொடங்கியது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கவனத்துக்குரியது டை அமோனியம் பாஸ்பேட் (டி.ஏ.பி.). இங்குள்ள வம்பன் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் உளுந்து, பாசிப்பயறு இரகங்களுக்குப் பெயர்பெற்றது. பயிர் பூக்கும் பருவத்திலும், பதினைந்து நாள் கழித்தும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசலை இலைவழி தெளிப்பது பயறுக்கான பரிந்துரை. ஏக்கருக்கு 4 கிலோ உரத்தை முதல்நாள் மாலையே பத்து லிட்டர் நீரில் ஊறவைப்பார்கள். மறுநாள் மண்டியைக் கலக்காமல் தெளிவை மட்டும் இறுத்து, 190 லிட்டர் நீர் சேர்த்துக் கைத்தெளிப்பானால் அடிப்பார்கள். மண்டி சேர்ந்தால் முனை அடைத்துக்கொள்ளும். பூ உதிர்வது குறைந்து காய்பிடிப்பு கூடும் என்பதே இதன் பயன்.

கல்குவாரி வெடிமருந்துகளில் சேரும் அமோனியம் நைட்ரேட், 2012-ஆம் ஆண்டு விதிகளால் கட்டுப்படுத்தப்படுகிறது. 2020-இல் இவ்வுப்பால் நேர்ந்த பெய்ரூட் வெடிவிபத்துக்குப் பின், சென்னை மணலியில் தேங்கியிருந்த சுமார் 700 டன் சரக்கு ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது.