சாக்கலேட்டின் பண்பாட்டு வரலாறு

சாக்கலேட் என்பது கொக்கோ மரத்தின் விதைகளிலிருந்து செய்யப்படும் உணவுப் பொருளாகும். இன்று இனிப்புக் கட்டியாக அறியப்படும் இது, தன் வரலாற்றின் பெரும்பகுதியில் கசப்பான பானமாகவே இருந்தது. தொடக்கத்தில் கொக்கோவை விளைவித்த சமூகங்களே அதைப் பருகின. பின்னர் விளைவிப்போர் ஒரு கண்டத்திலும் உண்போர் வேறு கண்டத்திலும் வாழும் நிலை உருவானது.

அமெரிக்கத் தொன்மை

கொக்கோவின் தாயகம் மேல் அமேசான் பகுதியாகும். ஈக்குவடோரின் சாந்தா அனா-லா புளோரிடா தொல்லியல் களத்தில் சுமார் 5,300 ஆண்டுகள் பழமையான கொக்கோ எச்சங்கள் கண்டறியப்பட்டுள்ளன. மாயர்கள் விதையை வறுத்து அரைத்து, நீரும் மிளகாயும் கலந்து, உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்பிப் பருகினர். குவாத்தமாலாவின் ரியோ அசூல் கல்லறையில் கிடைத்த பாத்திரம் ஒன்றில் 'ககாவ்' என்னும் மாய எழுத்தும் கொக்கோ எச்சமும் காணப்பட்டன. அசுடெக் பேரரசில் கொக்கோ விதைகள் திறையாகவும் பணமாகவும் பயன்பட்டன. விதைக்குள் வேறு பொருளை அடைத்து ஏமாற்றியவர்களும் இருந்தனர்.

ஐரோப்பாவில் பரவல்

1519 இல் மெக்சிக்கோவை அடைந்த எசுப்பானியர் வழியே இப்பானம் ஐரோப்பாவிற்குச் சென்றது. அங்கு சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் சேர்க்கப்பட்டு, பிரபுக்களின் சூடான பானமாக மாறியது. நோன்பு நாட்களில் இதைப் பருகலாமா என்று கத்தோலிக்கத் திருச்சபையில் நீண்ட விவாதம் நடைபெற்றது. 1657 இல் இலண்டனில் சாக்கலேட் விற்பனைக் கடை திறக்கப்பட்டது. இதற்கு இனிப்பூட்டிய சர்க்கரையில் பெரும்பங்கு அமெரிக்கக் கண்டத்திலும் கரீபியன் தீவுகளிலும் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் கிடைத்ததாகும்.

பானத்திலிருந்து கட்டிக்கு

1828 இல் நெதர்லாந்தின் வான் ஊட்டன் குடும்பம், கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. அவ்வாறு பிரித்த கொழுப்பைத் தூளுடனும் சர்க்கரையுடனும் கலந்து, 1847 இல் பிரிஸ்டலின் ஃபிரை நிறுவனம் உண்ணத்தக்க கட்டியை உருவாக்கியது. 1875 இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பால் சாக்கலேட்டை உருவாக்கினார். ஆலை உற்பத்தி பெருகியதால் விலை குறைந்து, பிரபுக்களின் பானம் எளிய மக்களும் குழந்தைகளும் வாங்கும் தின்பண்டமானது.

விளைவிப்போரின் நிலை

தேவை பெருகவே கொக்கோ பிற வெப்பமண்டல நாடுகளிலும் பயிரிடப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி 1798 இல் குற்றாலத்தில் இதனைப் பயிரிட்டது. எனினும் பெருமளவு சாகுபடி மேற்கு ஆப்பிரிக்காவிலேயே வேரூன்றியது. போர்த்துக்கீசரின் சாவோ தோமே தீவில் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர் ஒப்பந்தம் என்ற பெயரில் அடிமைகளாக நடத்தப்பட்டனர். இதை எதிர்த்து எழுந்த கண்டனங்களுக்குப் பின், 1909 இல் காட்பரி, ஃபிரை, ரவுண்ட்ரீ ஆகிய பிரித்தானிய நிறுவனங்கள் அத்தீவின் கொக்கோவை வாங்குவதை நிறுத்தின.

இன்றைய கானாவான கோல்டு கோஸ்ட்டில் ஆப்பிரிக்க உழவர்களே சிறு நிலங்களில் கொக்கோ பயிரிட்டனர். 1911 அளவில் அது உலக உற்பத்தியில் முதலிடம் பெற்றது. ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் கூடி விலையைக் கட்டுப்படுத்தியதை எதிர்த்து, 1937-38 இல் உழவர்கள் கொக்கோவை விற்க மறுத்தனர்.

இன்று உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய நாடுகளில் விளைகிறது. அங்குக் குழந்தைத் தொழிலைக் குறைக்க 2001 இல் ஹார்கின்-எங்கல் உடன்பாடு கையெழுத்தானது. ஆயினும் அச்சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. மாயர்கள் தாம் விளைவித்ததைத் தாமே பருகினர்; மேற்கு ஆப்பிரிக்க உழவரின் விளைச்சலோ பெரும்பாலும் ஏற்றுமதியாகி, வேறு நாடுகளில் சாக்கலேட்டாக உண்ணப்படுகிறது.